கேட்டு வாங்கிய காசும், கேட்காமல் எடுத்த காசும்

அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலம். அங்கே போடோமக் என்று ஓர் ஊர்.

1991-ம் ஆண்டில், அந்த ஊரில் ஒரு வீட்டுக்குத் தபாலில் கடிதங்கள் வரத் தொடங்கின. உறையைப் பிரித்தால் உள்ளே "செக்" இருக்கும்!

கடிதம் யாருக்கு? டிம் ஸ்வீனி என்ற கல்லூரி மாணவருக்கு. அப்போது அவருக்கு 20 வயது.

பெற்றோரின் வீட்டில் உட்கார்ந்து, அவர் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு எழுதினார். அதன் பெயர், இசட்-இசட்-டி. அதில் அழகான படம் எதுவும் கிடையாது. எழுத்துக்களும் குறிகளும்தான் சுவர், கதவு, சிங்கம், புலி எல்லாம்! அவற்றுக்கு நடுவே சிரித்த முகம் ஒன்று ஓடும். அதுதான் கதாநாயகன்.

விளையாட்டின் முதல் பாகம் இலவசம். யார் வேண்டுமானாலும் நகல் எடுக்கலாம். நண்பனுக்கும் கொடுக்கலாம். மீதிப் பாகங்கள் வேண்டுமானால், செக் எழுதித் தபாலில் போடவேண்டும். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு பேர் வாங்கினார்கள் என்றும், தினம் சுமார் 100 டாலர் வந்தது என்றும் பின்னாளில் ஸ்வீனியே சொல்லி இருக்கிறார்.

அந்தச் சின்ன வியாபாரம் வளர்ந்து பெரிய கம்பெனி ஆயிற்று. அதுதான் இன்றைய எபிக் கேம்ஸ்.

2022-ம் ஆண்டு டிசம்பர் மாதம். அதே கம்பெனி, விளையாடியவர்களுக்குத் திருப்பிக் கொடுப்பதற்காக 24 கோடியே 50 லட்சம் டாலர் கட்டச் சம்மதித்தது. கட்டச் சொன்னது, அமெரிக்க மத்திய வர்த்தக கமிஷன். எதற்காக? வாங்க நினைக்காதவர்களிடம் இருந்தும் காசு எடுத்தது என்பது குற்றச்சாட்டு.

செக்குக்குக் காத்திருந்த வீடு எங்கே! இந்தக் கணக்கு எங்கே!

விளையாட்டுக்குக் காசு கேட்பது தப்பு அல்ல. எழுதியவனும் சாப்பிடவேண்டும். ஆனால், எப்படிக் கேட்பது என்று ஒரு முறை இருக்கிறது. அந்த முறை ஒரு காலத்தில் நேர்மையாக இருந்தது.

பகிர்ந்துகொள்ளும் சரக்கு

அந்த முறைக்கு "ஷேர்வேர்" என்று பெயர். பகிர்ந்துகொள்ளும் சரக்கு என்று பொருள்.

இதைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவர், ஆண்ட்ரூ ப்ளூகல்மன். கலிபோர்னியாக்காரர். ஒரு கம்ப்யூட்டரை டெலிபோன் வழியாக இன்னொரு கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் புரோகிராம் ஒன்றை 1982-ல் எழுதினார். அதைக் கடையில் வைக்கவில்லை. "நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பிடித்து இருந்தால் 25 டாலர் அனுப்புங்கள்" என்றார். அவ்வளவுதான். அடுத்த ஆண்டு பாப் வாலஸ் என்பவர், கடிதம் எழுத உதவும் புரோகிராம் ஒன்றை இதே வழியில் விட்டார். "ஷேர்வேர்" என்ற சொல்லைப் பரப்பியவர் அவரே.

விளையாட்டுக்களில் இந்த முறை முதலில் எடுபடவில்லை. டெக்சஸ் மாநிலம் கார்லண்டு நகரில் இருந்த ஸ்காட் மில்லர் என்ற இளைஞர், முழு விளையாட்டையும் கொடுத்துவிட்டுக் காசு கேட்டுப் பார்த்தார். விளையாடினார்கள், காசு அனுப்ப மறந்தார்கள்! முழுச் சாப்பாடும் முடிந்த பிறகு, உண்டியலைத் தேடி யார் போவார்கள்?

1987-ல் அவர் ஒரு யோசனை செய்தார். விளையாட்டைப் பல பாகங்களாகப் பிரித்தார். முதல் பாகம் இலவசம். மீதிக்கு விலை. இப்போது காசு வந்தது!

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். மில்லர் காட்டியது ஒரு சோறு அல்ல. ஓர் இலைச் சாப்பாடு. முதல் பாகத்துக்குத் தொடக்கம் உண்டு, முடிவு உண்டு. பாதியில் கதவைச் சாத்திக் காசு கேட்கும் வேலை கிடையாது.

இந்த முறையில் புகழ் பெற்றது "கமாண்டர் கீன்". எட்டு வயதுப் பையன் ஒருவன், அண்ணனுடைய கால்பந்துத் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, தானே செய்த ராக்கெட்டில் செவ்வாய்க் கிரகத்துக்குப் போகும் கதை. இதை எழுதியவர்கள் ஜான் கார்மக், ஜான் ரொமேரோ, டாம் ஹால் முதலியவர்கள். லூசியானா மாநிலம் ஷ்ரீவ்போர்ட் நகரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே, ஓய்வு நேரத்தில் இதை எழுதினார்கள். 1990-ம் ஆண்டு டிசம்பர் 14-ந் தேதி முதல் பாகம் வெளிவந்தது. அடுத்த மாதமே அவர்கள் பங்குக்கு 10 ஆயிரத்து 500 டாலர் வந்தது! வேலையை விட்டார்கள். சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள்.

(அதே கூட்டம் 1993 டிசம்பரில் வெளியிட்ட "டூம்" இதைவிடப் பெரிய புகழ் பெற்றது. ஆனால், அது முழுக்க ரத்தமும் துப்பாக்கியும். சிறு பிள்ளைகளுக்கு ஆகாது.)

ஒரு மாலை வேலை

விளையாட்டு இலவசம். ஆனால் அதை ஓடவைப்பது லேசான வேலையா? அதுதான் இல்லை!

1993-ம் ஆண்டு. அமெரிக்காவில் ஒரு வீடு. பையன் பள்ளித் தோழனிடம் இருந்து பிளாப்பி ஒன்று வாங்கி வருகிறான். உள்ளங்கை அகலச் சதுரத் தகடு. அதைக் கம்ப்யூட்டரின் வாயில் தள்ளுகிறான். "ஏ" என்ற எழுத்தையும் அதன் பக்கத்தில் முக்காற்புள்ளியையும் தட்டுகிறான். பிறகு "இன்ஸ்டால்" என்று தட்டுகிறான். கம்ப்யூட்டர் கறகற என்று உறுமுகிறது. பாய்போல் சுருட்டிக் கட்டிய விளையாட்டு, ஹார்டு டிஸ்கில் விரிகிறது.

ஓடவேண்டியதுதானே? ஓடவில்லை. "நினைவகம் போதாது" என்று எழுத்து வருகிறது.

அப்பா வருகிறார். "போன மாதம்தானே காசு கொடுத்து நினைவகம் கூட்டினேன்? நாலு மெகாபைட் இருக்கிறதே!" என்கிறார். நாலு மெகாபைட் என்பது 4 ஆயிரத்து 96 கிலோபைட். பிறகு ஏன் போதாது?

இங்கேதான் வேடிக்கை. 1981-ல் ஐ.பி.எம். கம்பெனி முதல் "பி.சி." கம்ப்யூட்டரைச் செய்தபோது, அதன் மூளையால் 1,024 கிலோபைட்டுக்கு மேல் எண்ணமுடியாது. அதில் மேலே உள்ள 384 கிலோபைட்டைத் திரைக்கும் மற்றக் கருவிகளுக்கும் ஒதுக்கினார்கள். புரோகிராம்களுக்கு மிஞ்சியது 640. பின்னால் மூளை பெரிதாயிற்று, நினைவகமும் கூடிற்று. ஆனால் "டாஸ்" என்ற பழைய நிர்வாகி, அந்த 640-ஐ விடவில்லை.

வீடு எவ்வளவு பெரிதானாலும், வந்தவர்கள் எல்லாரும் திண்ணையில்தான் உட்காரவேண்டும் என்பதுபோல! அந்தத் திண்ணையில் மவுசை ஆட்டும் புரோகிராம் முன்பே வந்து உட்கார்ந்து இருக்கும். சி.டி. தட்டை ஓட்டும் புரோகிராம் அதற்குப் பக்கத்தில். விளையாட்டு வந்து "எனக்கு 500 கிலோபைட்டுக்கு மேல் வேண்டும்" என்றால் இடம் எங்கே?

வழி இரண்டு. வேண்டாதவர்களை எழுப்பி அனுப்புவது ஒன்று. அல்லது அவர்களைப் பரண்மேல் ஏற்றுவது. 640-க்கு மேலே, கருவிகளுக்கு ஒதுக்கிய பகுதியில் சில மூலைகள் காலியாக இருக்கும். அதுதான் பரண். 1991-ல் வந்த ஐந்தாம் பதிப்பு "டாஸ்" இதற்கு வழி செய்தது. "கான்பிக்", "ஆட்டோ எக்சிக்" என்று இரண்டு சிறிய கோப்புகள். கம்ப்யூட்டர் கண் விழித்ததும் முதலில் படிப்பது அவற்றைத்தான். அவற்றில் ஒரு வரியின் தலையில் "உயரே ஏற்று" என்ற கட்டளையைச் சேர்க்கவேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும் நடக்காது. கம்ப்யூட்டரே எழுந்திருக்க மறுத்தாலும் மறுக்கும்! அதனால் விவரம் தெரிந்தவர்கள், வீட்டுக் கோப்பைத் தொடமாட்டார்கள். தனியாக ஒரு பிளாப்பியில் எழுதி, விளையாடும்போது மட்டும் அதைக்கொண்டு கம்ப்யூட்டரை எழுப்புவார்கள்.

சரி, விளையாட்டு ஓடுகிறது. சத்தம்?

சத்த அட்டைக்கு மூன்று எண்கள் உண்டு. "சவுண்டு பிளாஸ்டர்" அட்டையானால் பெரும்பாலும் விலாசம் 220, மணி 5 அல்லது 7, வழி 1. இவற்றை விளையாட்டிடம் சொல்லவேண்டும். மணி என்பது என்ன? ஒவ்வொரு கருவியும் கம்ப்யூட்டரின் மூளையைக் கூப்பிட ஒரு வாசல் மணி. 7-ம் மணியை அச்சு எந்திரமும் பிடித்துக்கொள்ளும். இரண்டு பேர் ஒரே மணியை அடித்தால், யார் வந்து இருக்கிறார் என்று மூளைக்குத் தெரியாது. எண் தப்பாகிவிட்டால் ஒரு சத்தம் வரும். முடியாது! கீறல் விழுந்த இசைத்தட்டுபோல, அரை வினாடிச் சத்தமே திரும்பத் திரும்ப வரும்.

அதைச் சரிசெய்ய, மின்சாரத்தை நிறுத்தி, பெட்டியைத் திறந்து, அட்டையில் குண்டுமணி அளவு இருக்கும் மூடியை ஓர் ஊசியில் இருந்து பக்கத்து ஊசிக்கு மாற்றவேண்டும். அப்பா விளக்கைப் பிடிப்பார். பையன் மூடியை மாற்றுவான். அல்லது பையன் விளக்கைப் பிடிப்பான்.

இன்னொரு தொல்லை, கம்ப்யூட்டர் வேகம் கூடியதால் வந்தது. 1994-ல் ஸ்வீனியின் கம்பெனி "ஜாஸ் ஜாக்ராபிட்" என்ற முயல் விளையாட்டை வெளியிட்டது. சில ஆண்டுகள் கழித்து, புதுக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அதை ஓட்டிப் பார்த்தார்கள். "பிழை 200" என்று சொல்லி நின்றுவிட்டது! காரணம் என்ன தெரியுமா? புரோகிராம் தொடங்கியதும் கம்ப்யூட்டரின் வேகத்தை அளந்து பார்க்கும். கண் இமைக்கும் நேரத்தில் எத்தனை சுற்று சுற்றமுடிகிறது என்று எண்ணி, அதை 55-ஆல் வகுக்கும். விடை 65 ஆயிரத்து 535-க்குள் இருக்கவேண்டும். இந்தப் புதுக் கம்ப்யூட்டரோ அதற்குமேல் சுற்றித் தள்ளிவிட்டது! படியில் கொள்ளாத நெல் வழிந்ததுபோல ஆயிற்று. குறை விளையாட்டில் இல்லை; அதை எழுத உதவிய கருவியில் இருந்தது. ரசிகர்களே இதற்குச் சின்னத் திருத்தப் புரோகிராம்கள் எழுதி, இலவசமாகக் கொடுத்தார்கள்.

இவ்வளவு தொல்லைக்கும் மருந்து எங்கே இருந்தது? விளையாட்டோடு கூடவே வரும் "ரீட்-மீ" என்ற கோப்பில். "என்னைப் படி" என்று அர்த்தம். படித்தவன் விளையாடினான். படிக்காதவன் விழித்தான். புத்தகத்தைக் கண்டால் ஓடும் பையன்கள்கூட, அந்தக் கோப்பை வரி வரியாகப் படித்தார்கள்.

யார் வைத்த தடை?

அந்தத் தொல்லை நல்லது என்று சிலர் இன்று புகழ்வார்கள். அது கொஞ்சம் மிகை. எத்தனையோ மாலைப் பொழுதுகள் வீணாகப் போயின. விளையாட்டு கடைசிவரை ஓடாத வீடுகளும் உண்டு.

ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்தத் தடைகளை விற்றவன் வைக்கவில்லை. 640 கிலோபைட் யாருடைய சூழ்ச்சியும் அல்ல. வாசல் மணி மோதிக்கொண்டதால் எவன் பைக்கும் காசு போகவில்லை. தடையைத் தாண்டிவிட்டால், அந்தப் பாகம் முழுவதும் பையனுடையது. பத்துத் தடவை தோற்றாலும் பதினோராம் தடவை இலவசம். விலையும் விலாசமும் ஒரு பக்கத்தில் பளிச்சென்று இருக்கும். கமாண்டர் கீனுக்கு 30 டாலர். டூமுக்கு 40 டாலர். செக் எழுதும் பேனா அப்பா கையில் இருந்தது. "அப்பா, வாங்கித் தாருங்கள்" என்று பையன் கேட்கவேண்டும். அப்பா யோசிக்கவேண்டும். அந்த யோசனைக்கு இடம் இருந்தது.

இன்றைய செல்போன் விளையாட்டில் தொல்லையே கிடையாது. விரலால் தொட்டால் இறங்கிவிடும். நினைவகம், மணி, பரண் எதுவும் தெரியவேண்டாம். தடை எல்லாம் உள்ளே இருக்கிறது! ஐந்து முறை தோற்றால் அரை மணி நேரம் காத்திருக்கவேண்டும், அல்லது காசு. வைரம் தீர்ந்துவிட்டால் காசு. இந்தத் தடை எந்திரத்தின் குறை அல்ல. விற்கிறவன் திட்டம் போட்டு வைத்தது.

கோர்ட்டு நடவடிக்கை வரை போன சங்கதியும் உண்டு. பிள்ளைகள் பெற்றோருக்குத் தெரியாமல் விளையாட்டுக்குள் பொருள் வாங்கியதற்காக, 2014-ல் ஆப்பிள் கம்பெனி குறைந்தது 3 கோடியே 25 லட்சம் டாலரும், கூகுள் கம்பெனி குறைந்தது 1 கோடியே 90 லட்சம் டாலரும் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டன. ஆப்பிள் விஷயத்தில் கமிஷன் சொன்னது இது: பெற்றோர் ஒரு தடவை ரகசியச் சொல்லை அடித்துவிட்டால், அடுத்த 15 நிமிஷம் பிள்ளை எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாம். இது பெற்றோருக்குச் சொல்லப்படவில்லை!

எபிக் கம்பெனிமீது வந்த குற்றச்சாட்டு இன்னும் பெரிது. "போர்ட்நைட்" என்ற விளையாட்டில், தூங்கும் திரையை எழுப்ப ஒரு பொத்தானை அழுத்தினால் காசு போயிற்று. ஒரு பொருளைச் சும்மா பார்க்க நினைத்து, பக்கத்துப் பொத்தானைத் தொட்டாலும் போயிற்று. 2018 வரையில், பெற்றோரின் சம்மதம் கேட்காமலே பிள்ளைகள் வாங்கமுடிந்தது. இந்தக் காசு தப்பு என்று கிரெடிட் கார்டு கம்பெனியிடம் புகார் செய்தவர்களின் கணக்கு பூட்டப்பட்டது. கமிஷன் சொன்னவை இவை. பிள்ளைகளின் சொந்த விவரங்களைச் சேகரித்த வழக்குக்காக, இன்னும் 27 கோடியே 50 லட்சம் டாலர் தனியே!

போர்ட்நைட் விளையாட்டே இலவசம், உடைக்கும் அலங்காரத்துக்கும்தானே காசு, இதில் என்ன தப்பு என்று கேட்பவர்கள் உண்டு. உடை விற்பது தப்பு அல்ல. பொத்தானை வைத்த இடம்தான் தப்பு.

பழைய காலத்திலும் எல்லாரும் உத்தமர்கள் அல்ல. இலவச பிளாப்பிகளைச் சிலர் மொத்தமாக நகல் எடுத்து, ஒன்று சில டாலர் என்று விற்றார்கள். வாங்கியவர், விளையாட்டுக்கே காசு கொடுத்துவிட்டதாக நினைத்தார்! எழுதியவருக்கு அதில் ஒரு சல்லியும் போகவில்லை. பிளாப்பி வழியாக வைரஸ் நோயும் பரவியது. விளையாடியவர்களில் பெரும்பாலோர் செக் அனுப்பவே இல்லை என்பதும் உண்மை. அந்த முறையில் ஏமாந்தவர் பெரும்பாலும் எழுதியவர். இந்த முறையில் ஏமாறுகிறவர், விளையாடும் பிள்ளையும் அதன் பெற்றோரும்.

ஏமாந்தாலும் அவர்கள் வாக்குத் தவறவில்லை. இசட்-இசட்-டி விளையாட்டைக் கேட்டு எழுதியவர்களுக்கு 2013-ம் ஆண்டு நவம்பர் வரை பிரதி போயிற்று. தபாலில் அனுப்பியவர் ஸ்வீனியின் தந்தை!

எடைக்குப் போடும் முன்

வீட்டில் பழைய கம்ப்யூட்டர் கிடந்தால், எடைக்குப் போடும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்குக் கொடுக்கலாம். "டாஸ்பாக்ஸ்" என்று ஒரு புரோகிராம் 2002-ல் வந்தது. இலவசம். பழைய "டாஸ்" கம்ப்யூட்டர்போல அது நடிக்கும். வைய விரிவு வலை மூலம் பழைய நூல்களைச் சேர்த்து வைக்கும் "இன்டர்நெட் ஆர்க்கைவ்" என்ற நிலையமும், 2015-ல் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பழைய விளையாட்டுக்களை அங்கேயே விளையாடும்படி வைத்தது.

டாஸ்பாக்சில் சத்தம் வராவிட்டால், விலாசம் 220, மணி 7, வழி 1 என்று கொடுக்கவேண்டும். முயல் தலைதெறிக்க ஓடினால், "கண்ட்ரோல்" சாவியோடு எப்-11 சாவியை அழுத்த வேகம் குறையும். எப்-12 அழுத்தினால் கூடும். பிள்ளைக்கு உடனே சொல்லிவிடாமல், "ரீட்-மீ" கோப்பை முதலில் படிக்கச் சொல்வது நல்லது. செல்போனில், காசு கொடுத்து வாங்கும்போது ஒவ்வொரு தடவையும் ரகசியச் சொல் கேட்கும்படி அன்றைக்கே மாற்றிவிடலாம். இரண்டு நிமிஷ வேலை.

விளையாட்டின் முதல் பாகம் முடிந்ததும், மீதிப் பாகங்களின் விலையும் தபால் விலாசமும் திரையில் வரும். அந்த விலாசத்துக்கு இப்போது செக் அனுப்பவேண்டாம்.